அந்தோனியாரைத் தூக்கிக்கொண்டு ஓடியவள்

குருநகர் யோசப்பின் மீன் கூவி விற்ற காலத்தில், அவளுடைய தொண்டைக்குப் பயந்தே சூடை மீன்கள் வலைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் என்று சொல்வார்கள். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முதலாம் ஒழுங்கையில் நின்று, "ஓராவெண்டால் ஓரா! துடிக்கத் துடிக்க ஓரா!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், மூன்றாம் ஒழுங்கையில் பெண்கள் பழப்புளியைக் கரைக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது தண்ணீர் கலக்காத உண்மை. ஒருமுறை பூசை நேரத்தில் அவள் கோயில் மதிலுக்கு வெளியே கூவிக்கொண்டு போக, உள்ளே பிரசங்கம் வைத்துக்கொண்டிருந்த சுவாமியார் தம்மை மறந்து, "என்ன விலை?" என்று கேட்டுவிட்டாராம்.

சூசைதாசனைக் கைப்பிடித்து அவனுடைய வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அந்த வீட்டில் மாமியும் இல்லை, மாமாவும் இல்லை. இரண்டு பேருடைய அதிகாரத்தையும் சேர்த்துக் கையில் வைத்திருந்தவள் சூசைதாசனின் தமக்கை அருமைநாயகி. அவள் கல்யாணம் கட்டாதவள். கட்டாததற்கு ஊர் ஆறு காரணம் சொல்லும். அவளே ஏழாவதாக ஒன்று சொல்வாள்: "எனக்கேத்த ஆம்பிளை அந்தோனியார் ஒருத்தர்தான். அவர் சுவாமியாராய்ப் போட்டார். நான் என்ன செய்ய?"

அந்த அந்தோனியார் முன்னறையில், ஒரு முழ உயர மரச் சுரூபமாக, ஒரு கையில் குழந்தை இயேசுவோடு நின்றார். பாட்டனாருக்குப் பாட்டனார் வீசிய வலையில் அவர் தாமாகவே ஏறி வந்தவர் என்று அருமைநாயகி சாதிப்பாள். கோயில் திருவிழாக் கடையில் வாங்கியது என்று அயலவர்கள் சொல்வார்கள். இரண்டையும் நம்பினால் ஒன்றும் குறைந்துபோகாது.

மச்சாள்மார் இரண்டு பேரும் நண்டுக் கறிக்கு உப்பு எவ்வளவு என்பதில் சண்டையைத் தொடங்கிப் பதினைந்து வருடம் அதைக் கைவிடாமல் காப்பாற்றினார்கள். எண்பத்து நாலில் சூசைதாசன் செங்கமாரி நோயில் போனான். பிள்ளைகள் இல்லை. அடக்கத்துக்கு வந்த சனம் கலைந்த பிறகு அருமைநாயகி ஒரு கோப்பையில் சோற்றைக் குழைத்து, ஒரு வாய் தனக்கும் ஒரு வாய் தம்பியின் பெண்சாதிக்குமாக ஊட்டினாள்.

"உப்புக் கூடிப்போச்சு, மச்சாள்," என்றாள் யோசப்பின், அழுதுகொண்டே.

"அது நீ அழுத உப்பு. வாயை மூடிக்கொண்டு தின்," என்றாள் அருமைநாயகி.

தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் அருமைநாயகி கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். முறிவு வைத்தியர் தப்பை வைத்துக் கட்டி, மூன்று மாதம் பாயை விட்டு அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் கிடைக்கவில்லை. ஆடியில் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டது. ஒருநாள் காலையில் குருநகருக்குள் பீரங்கிச் செல் விழத் தொடங்க, ஊர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியது.

"மச்சாள், உங்களை நான் தனியத் தூக்கேலாது. அந்தோனியாரைப் படலையடியிலை வைச்சிட்டு, கனிசியசின்ரை வண்டிலைக் கொண்டு வாறன்," என்றாள் யோசப்பின். கனிசியஸ் அடுத்த வளவுக்காரன். தள்ளுவண்டிலில் ஐஸ் கொண்டுபோய் விற்பவன்.

"கெதியாய் வா," என்றாள் அருமைநாயகி.

யோசப்பின் சுரூபத்தைச் சேலையில் சுற்றி இடுப்பில் ஏந்திக்கொண்டு வாசல் படலைக்கு வந்தாள். பக்கத்து ஒழுங்கையில் ஒரு செல் விழுந்தது. அதற்குமேல் அவளுடைய கால்கள் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"சனம் தள்ளிக்கொண்டு போட்டுது. திரும்ப விடேல்லை," என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள். அன்றைக்கு அவர்களையும் சனம்தான் தள்ளிக்கொண்டு போயிருந்தது. ஆனால் யோசப்பின் சந்திக்கு வந்தபோது றோட்டில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. முன்னால் ஓடிய சனம் போய்விட்டது. பின்னால் வரும் சனம் இன்னும் வந்து சேரவில்லை. செல்லடிகூடச் சற்று ஓய்ந்திருந்தது. திரும்பிப் போக வழி திறந்து கிடந்தது. ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் அவள் அங்கே நின்றாள். அப்போது மனம் ஒன்று சொல்லிற்று: ஒருத்தி செத்தால் போதும். அதைக் கேட்டுக்கொண்டு, இடுப்பில் அந்தோனியாரோடு, ஊரை விட்டு நடந்தாள்.

அவளை மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த சனத்தோடு இருத்தினார்கள். மூன்றாம் நாள், கனிசியஸ் வேர்த்து விறுவிறுத்துத் தன் வண்டிலைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்தான். வண்டிலில் சாக்கு விரித்து, அதன்மேல் அருமைநாயகி. விட்டுப்போன சாமான் எடுக்க மறுநாள் ஊருக்குள் போனவனுக்கு அவளுடைய முனகல் கேட்டிருக்கிறது. ஒரு பகலும் ஒரு இரவும் அரைச் செம்பு தண்ணீரோடு தனியே கிடந்திருக்கிறாள்.

"மச்சாள்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள் யோசப்பின்.

அருமைநாயகி அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தோளுக்கு மேலால் எட்டி, வகுப்பறை மூலையில் மர வாங்கின்மேல் நின்ற சுரூபத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அந்தோனியாரே, நீர் சுகமாய் வந்து சேந்தீரோ? வழியிலை உமக்கொரு கரைச்சலும் இல்லையே? உம்மைத் தூக்கிக்கொண்டு வந்த புண்ணியவதிக்கு என்ரை தோத்திரத்தைச் சொல்லும்."

பள்ளிக்கூடமே சிரித்தது. யோசப்பினும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அன்று தொடக்கம் அருமைநாயகி அவளோடு நேரே ஒரு சொல் கதைக்கவில்லை. கதைக்க வேண்டியதை எல்லாம் அந்தோனியாரிடம் கதைத்தாள். இரண்டு பேரும் கோப்பாயில் சிவக்கொழுந்து என்ற வெங்காயத் தோட்டக்காரியின் வளவில் ஒரு கொட்டில் போட்டுக் குடியேறியபோது இந்தப் பழக்கமும் கூடவே குடியேறியது. சிவக்கொழுந்து நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவள், மீன் மச்சம் தொடாதவள். "வளவுக்குள்ளை மீன் மணம் வரக்கூடாது, பிள்ளை. மற்றும்படி இருக்கிறமட்டும் இருங்கோ," என்று சொல்லி, வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்கும் வேலையையும் கொடுத்தாள். மீன்காரி தோட்டக்காரியானாள்.

கொட்டிலுக்குள் ஒரு நாள் இப்படிப் போகும்.

"அந்தோனியாரே, சோறு குழைஞ்சு களியாய்ப் போச்செண்டு சமைச்சவளிட்டைச் சொல்லும்."

"அந்தோனியாரே, இது குழையேல்லை, மச்சாளுக்குப் பல்லில்லாதபடியால் இப்பிடித்தான் அவிக்கவேணும் எண்டு சொல்லும்."

"அந்தோனியாரே, எனக்குப் பன்ரெண்டு பல்லுக் கிடக்கு, வாய்காட்ட வேண்டாமெண்டு சொல்லும்."

சிவக்கொழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "எடி பிள்ளையள், அந்த மனுசனுக்கு ஒரு நிமிசம் ஓய்வு குடுக்கமாட்டியளே? எங்கடை பிள்ளையாரை உப்பிடித் தூது அனுப்பினால், மோதகத்தைக் கண்ட வீட்டிலையே இருந்திடுவார்." காலையில் பூப்பிடுங்கும்போது அந்தோனியாரின் கையிலிருக்கும் குழந்தைக்கென்று ஒரு செவ்வரத்தம்பூவும் கொண்டு வந்து வைப்பாள். "பாவம், பச்சைப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு எத்தினை பேரின்ரை கதையைக் கேக்கிறார்."

கேட்பவர்களுக்கு அது பகிடி. யோசப்பினுக்கு அப்படியில்லை. வண்டிலில் குலுங்கி வந்ததில் அருமைநாயகியின் எலும்பு வளைந்து பொருந்திவிட்டது. ஊன்றுகோல் நிலத்தில் 'டொக்' என்று விழும் ஒவ்வொரு முறையும் அந்த வெறும் சந்தி யோசப்பினின் கண்ணுக்குள் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவாள். சனம் நற்கருணை அப்பமாகிய நன்மை வாங்க எழுந்து வரிசையாகப் போகும்போது மட்டும் கடைசி வாங்கில் இருந்து, விழாத சதக்காசைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வாள். பாவத்தைச் சுவாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறாமல் அதை வாங்க முடியாது. பாவசங்கீர்த்தனத்துக்கு மூன்று தரம் வரிசையில் நின்று, மூன்று தரமும் தன் முறை வருமுன்னர் நழுவிவிட்டாள். பங்குச் சுவாமியார் இரக்கப்பட்டு, தூரம் நடக்க முடியாத அருமைநாயகிக்குக் கொட்டிலுக்கே நன்மை கொண்டுவரட்டுமா என்று கேட்டபோது, அவளும் ஏதோ சாட்டுச் சொல்லி வேண்டாமென்றுவிட்டாள். அது தன்மேலுள்ள கோபம் என்றே யோசப்பின் நினைத்தாள்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். மச்சாள் தன் முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லவேண்டும், ஏச்சானாலும் பரவாயில்லை. சந்தியில் நடந்ததைச் சொல்லாமல் அந்தச் சொல்லை வாங்கிக்கொள்ளத் தனக்கு மனம் வராது என்பது அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அந்தச் சொல் ஒருநாளும் வராது என்று பயம்.

தொண்ணூற்றோராம் ஆண்டு தவக்காலத்தில் செபநாயகம் சுவாமியார் தியானம் கொடுக்க வந்தார். நோயாளிகளின் தலையில் கைவைத்துச் செபிப்பவர். அவர் வருமுன்னரே அவருடைய புகழ் சைக்கிளில் வந்து சேர்ந்தது. ஒரு கிழவிக்குச் செபித்தபோது அவளுடைய மூக்குக்கண்ணாடி தானாகக் கழன்று விழுந்ததாம்; வீட்டுக்குப் போனால் ஊசிக்கு நூல் கோர்க்கிறாளாம். யோசப்பின் கேட்டாள், யோசித்தாள். மச்சாளின் கால் நேரானால் எல்லாம் நேராகிவிடும். பிறகு எதற்குச் சந்தியைப் பற்றிக் கதைக்கவேண்டும்?

தியானத்தின் இரண்டாம் நாள் வரிசையில் போய் முழந்தாளிட்டாள்.

"என்ன வருத்தம், அம்மா?"

"எனக்கொண்டுமில்லை, சுவாமி. மச்சாளின்ரை கால்."

"மச்சாள் எங்கை?"

"வீட்டை."

"கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே?"

"அவ என்னோடை கதைக்கிறேல்லை."

சுவாமியார் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவளுடைய தலையில் கையை வைத்தார்.

"சுவாமி, நான் காலுக்கெல்லோ வந்தனான். நீங்கள் தலையிலை வைக்கிறியள்."

"கால் வரேல்லையே, அம்மா. தலைதானே வந்திருக்கு."

பின்னால் நின்ற பெண்கள் கொடுப்புக்குள் சிரித்தார்கள். ஆனால் அந்தக் கையின் பாரத்தில் யோசப்பினின் கழுத்து தானாகக் குனிந்தது. ஒருவரும் அவளைத் தொட்டு எத்தனை மாதமாயிற்று என்று அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. பின்னேரம் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றாள். இந்தத் தரம் நழுவவில்லை. படலை, செல், சந்தி, ஒருத்தி செத்தால் போதும் என்றது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கொட்டிவிட்டுச் சுவாமியார் வாய் திறக்குமுன்னரே பேரம் பேசத் தொடங்கினாள். பழக்கதோசம்.

"அம்பத்துமூண்டு மணிச் செபமாலை நாளுக்கு அஞ்சு சொல்லுறன், சுவாமி."

"வேண்டாம்."

"பெரிய வெள்ளிமட்டும் ஒருசந்தி இருக்கிறன். பச்சைத் தண்ணி மட்டும்."

"வேண்டாம், அம்மா."

"கோயிலை முழங்காலிலை மூண்டு சுத்துச் சுத்துறன்."

"கடவுள் உங்களை மன்னிச்சிட்டார். அதுக்கு ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. எனக்குச் சொன்னதை மச்சாளிட்டைச் சொல்லுங்கோ. அது அவவுக்காகவும் உங்களுக்காகவும்."

யோசப்பின் பின்னும் பேரத்தை விடவில்லை. "அது கனக்க, சுவாமி. கொஞ்சம் குறைக்கேலாதோ?"

"குறைக்கலாம்," என்றார் சுவாமியார். "அழுதுகொண்டு சொல்லலாம்."

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருமார் வெளியே விடமாட்டார்கள். இது வெளியே வந்தது யோசப்பினாலேயே. பிந்திய வருடங்களில் அயலில் ஒருத்தி தலையிடி, நித்திரை இல்லை என்று அவளிடம் வந்தால், முதலில் கொத்தமல்லித் தண்ணீர் கொடுப்பாள். பிறகு, "நீ ஆரோடை கதைக்காமல் இருக்கிறாய்?" என்று கேட்பாள். பிறகு இந்தக் கதை முழுவதையும், தன் வெட்கத்தில் ஒரு துளியும் ஒளிக்காமல் சொல்வாள்.

அடுத்த நாள் பின்னேரம் கொட்டில் வாசலில் அருமைநாயகி வெங்காயத்தை வாழைநாரால் பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். யோசப்பின் எதிரே இருந்து தானும் ஒரு பிடியை எடுத்தாள். வெங்காயத்துக்கு முன்னால் இருந்தால் கண்ணீருக்கு நியாயம் சொல்லத் தேவையில்லை.

"அந்தோனியாரே, மச்சாளிட்டை ஒண்டு சொல்லவேணும்."

"அந்தோனியாரே, நீர் வேலையாய் இருக்கிறீர் எண்டு சொல்லும்."

"அந்தோனியாரே, அண்டைக்குச் சனம் என்னைத் தள்ளேல்லை. சந்தியிலை ஒரு சனமும் இல்லை. செல்லும் நிண்டிட்டுது. நான் திரும்பி வந்திருக்கலாம். வரேல்லை. ஒருத்தி செத்தால் போதுமெண்டு நினைச்சனான்." நார் அவளுடைய விரலில் சிக்கியது. அந்தோனியார் மறந்துபோனார். "உங்களை விட்டிட்டுத்தான் ஓடினனான், மச்சாள். தெரிஞ்சுதான் ஓடினனான்."

அருமைநாயகியின் கை நின்றது. மாட்டுக் கொட்டிலில் பசு ஒன்று வாளியைத் தட்டிவிட்டது. யோசப்பின் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"அவரை அங்காலை திருப்பி வை," என்றாள் அருமைநாயகி.

"ஆரை?"

"அந்தோனியாரை. சுவர்ப் பக்கம் திருப்பி வை. நான் சொல்லப்போறது அவருக்குக் கேக்கக்கூடாது."

யோசப்பின் எழுந்து போய்ச் சுரூபத்தின் முகத்தைக் கிடுகுச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வந்து குந்தினாள். குந்திய பிறகுதான், மச்சாள் தன்னோடு நேரே கதைத்திருக்கிறாள் என்பது மூளையில் ஏறியது.

"நீ வரமாட்டாய் எண்டு மத்தியானத்தோடை எனக்கு விளங்கீட்டுது," என்றாள் அருமைநாயகி. "சத்தம் போட்டுப் பாத்தன். அழுது பாத்தன். பிறகு செபமாலையை எடுத்தன்."

"நீங்கள் செபிப்பியள்தானே, மச்சாள்."

"விசரி! என்னெண்டு செபிச்சனான் எண்டு கேள். 'அந்தோனியாரே, துலைஞ்சதுகளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவரே, அவளையும் எங்கையெண்டு கண்டுபிடிச்சு, அவளின்ரை தலையிலை ஒரு செல்லைப் போடும்.' மணிக்கு ஒருக்கா. அம்பத்துமூண்டு தரம்." அவள் கையிலிருந்த வெங்காயப் பிடியை நிலத்தில் போட்டாள். "பள்ளிக்கூடத்திலை நீ உயிரோடை ஓடிவாறதைக் கண்டன். சந்தோசத்திலை நெஞ்சு வெடிக்கப் பாத்துது. ஆனால் உன்ரை மூஞ்சையை என்னெண்டு நிமிந்து பாக்கிறது? சுவாமியார் நன்மை கொண்டாறன் எண்டார். எந்த வாயாலை வாங்கிறது? ஒன்பது மாதமாய் இவரைக் கெஞ்சிறன், அந்தச் செபத்தைத் திருப்பித் தாரும், அது இவளிலை பலிச்சிடப் போகுது எண்டு."

யோசப்பினுக்கு அப்போது ஒன்று தோன்றியது.

"மச்சாள், அந்த நேரம் அந்தோனியார் வீட்டிலை இல்லையே. என்ரை இடுப்பிலையெல்லோ இருந்தவர்."

அருமைநாயகி அவளை உறுத்துப் பார்த்தாள். ஒன்பது மாதமாக இது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. "அதெப்பிடி? அவர் எங்கை இருந்தாலும் கேப்பார்தானே."

"கேட்டுத்தான் இருக்கிறார். துலைஞ்சவளைக் கண்டுபிடியும் எண்டியள். அவர் உங்களைக் கண்டுபிடிச்சு, ஐஸ் வண்டிலிலை ஏத்தி என்னட்டை அனுப்பிப்போட்டார். செல்லைப் பற்றி அவர் காதிலை போடேல்லை."

அருமைநாயகியின் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று யோசப்பின் நினைக்க, அவள் சிரித்தாள். பன்னிரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். சிரிப்புக்கு நடுவில் அழுகை வந்தது. இரண்டையும் பிரிக்க முடியாமல் வளைந்த காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். யோசப்பின் தவழ்ந்து போய் அவளுடைய மடியில் முகத்தைப் புதைத்தாள்.

"ஒருத்தி செத்தால் போதுமெண்டு நீ நினைச்சாய்," என்றாள் அருமைநாயகி, அவளுடைய தலைமயிரைக் கோதிக்கொண்டு. "அந்த ஒருத்தி நீயாய் இருக்கட்டும் எண்டு நான் நினைச்சன். ரெண்டு பேரும் ஒரே கடையிலை வாங்கின சாமான்தான், யோசப்பின். நான் உன்னை மன்னிச்சிட்டன். நீ என்னை மன்னி."

"மன்னிச்சிட்டன், மச்சாள்."

"இவ்வளவு கெதியாவோ? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு. அம்பத்துமூண்டு தரம்."

சத்தம் கேட்டுச் சிவக்கொழுந்து அகப்பையோடு ஓடிவந்தாள், கொலை விழப்போகிறது என்று நினைத்து. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வெங்காயம், அக்கா," என்றாள் யோசப்பின்.

"நாப்பது வருசமாய் வெங்காயம் செய்யிறன்," என்றாள் சிவக்கொழுந்து. "வெங்காயத்துக்கு ஆரும் சிரிச்சதை நான் காணேல்லை." சொல்லிவிட்டு உள்ளே போய், சுவரைப் பார்த்து நின்ற அந்தோனியாரை, "என்ன, இவையள் உம்மைத் தண்டிச்சுப் போட்டினமோ?" என்று கேட்டு, மெதுவாக முன்பக்கம் திருப்பி வைத்தாள்.

அருமைநாயகியின் கால் நேராகவில்லை. அது கடைசிவரை வளைந்தபடியேதான் இருந்தது. இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல இடமில்லை. ஆனால் உயிர்த்த ஞாயிறன்று அவள் ஒரு கையை ஊன்றுகோலிலும் மற்றக் கையை யோசப்பினின் தோளிலும் வைத்து, அரை மைல்கட்டை தூரம் நடந்தே கோயிலுக்கு வந்தாள். வழி முழுக்க யோசப்பின் வேகமாக நடக்கிறாள் என்றும், மெதுவாக நடக்கிறாள் என்றும் முறைப்பாடு. ஒவ்வொன்றையும் யோசப்பினின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

முதல்நாளே இருவரும் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தார்கள். நன்மை வாங்குகிற நேரம் வந்தது. யோசப்பின் குனிந்து ஒன்றையும் தேடவில்லை. எழுந்து, மச்சாளையும் தூக்கி நிறுத்தி, வரிசையில் வந்தாள். உயிர்ப்புப் பூசைக்கும் வந்திருந்த செபநாயகம் சுவாமியார் கையில் அப்பத்தோடு நின்றார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ, மச்சாள்."

"நீ போ. ஒன்பது மாதமாய்ப் பட்டினி கிடந்தவள்."

"நீங்களும்தானே கிடந்தனீங்கள். மூத்தவ நீங்கள்."

"மூத்தவ சொல்லுறன், போ எண்டு!"

"மாட்டன்."

"எடியே, கோயிலுக்குள்ளை வாய்காட்டாதை!"

சுவாமியார் இருவரையும் பார்த்தார். அவருடைய மீசை ஒருதரம் துடித்தது. "அம்மாமார், பின்னாலை முந்நூறு சனம் நிக்குது. ரெண்டு பேரும் ஒண்டாய் வாயைத் திறவுங்கோ," என்றார்.

திறந்தார்கள்.